மேக்ரோமோனோமர் வழியில் கிளைக் கோபாலிமர்: ஜிபிசியில் மூன்று மேடு, மூலக்கூறு எடை இரண்டு மடங்கு

#1 முகில்_பாலி

கிளையை முதலில் செய்து அதன் முனையில் வினைல் (பல்படியாகும் இரட்டைப் பிணைப்பு) வைத்தால் அது மேக்ரோமோனோமர்; தண்டு வளரும்போது அதுவும் ஒரு மோனோமர் போல ஏறும். இலக்கு: பாலிஐசோப்பிரீன் தண்டு 60,000. அதில் சராசரி ஆறு பாலிஸ்டைரீன் கிளைகள், ஒவ்வொன்றும் 6,000. மொத்தம் 96,000 வர வேண்டும். அதிவெற்றிடம், பென்சீன், அறை வெப்பநிலை, துவக்கி செக்-பியூட்டைல்லித்தியம்.

செய்த வரிசை:
ஸ்டைரீன் 7.2 கிராம், துவக்கி 1.2 மில்லிமோல். ஓர் இரவு விட்ட பிறகு, இந்த உயிருள்ள (முனை இன்னும் வினைபுரியக்கூடிய) பாலிஸ்டைரைல்லித்தியத்தை 4-(குளோரோடைமெத்தில்சிலைல்)ஸ்டைரீன் கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டேன். (பெயர் நீளம், இனி சிலைல்ஸ்டைரீன் என்றே எழுதுகிறேன். அதன் சிலிக்கான்–குளோரின் சங்கிலி முனையில் பிணைந்து மூடும், வினைல் மிஞ்சும்.) அது 248 மில்லிகிராம், அதாவது 1.26 மில்லிமோல். எந்தச் சங்கிலியும் மூடாமல் போய்விடக் கூடாது என்று 5% அதிகம் வைத்தேன். மேக்ரோமோனோமரைப் பிரித்தெடுக்கவில்லை. அதே குடுவையில் செக்-பியூட்டைல்லித்தியம் 0.2 மில்லிமோல், ஐசோப்பிரீன் 12 கிராம். இரண்டு நாள் கழித்து மெத்தனால்.

ஜிபிசியில் (பாலிமரை மூலக்கூறின் அளவு வாரியாகப் பிரிக்கும் வண்ணப்படிவு) மூன்று மேடு. ஐசோப்பிரீன் 254 நானோமீட்டரில் தெரியாது என்பதால் யுவி (புற ஊதா) பரப்பைப் பாலிஸ்டைரீன் கணக்காகவே எடுக்கலாம்: 6,000 இடத்தில் 12%, 12,000 இடத்தில் 3%, மீதி 85% பெரிய மேட்டில். அந்தப் பெரிய மேட்டுக்கு ஒளிச்சிதறல் கொடுக்கும் எடை ஏறத்தாழ 1,90,000. மூலக்கூறு எடைப் பரவலின் அகலம் (Mw/Mn) 1.1க்குள்தான். 96,000 எங்கே, 1,90,000 எங்கே?

தண்டு ஜோடி சேர்ந்துவிட்டதா?

#2 லித்தியம்_லதா

ஜோடி சேர்ந்திருந்தால் 96,000இலும் ஒரு மேடு நின்றிருக்கும். ஒரே மேடு, குறுகிய அகலம், இரண்டு மடங்கு எடை என்றால் துவக்கியில் பாதி செத்திருக்கிறது, மிச்சமிருந்தவை எல்லாவற்றையும் பங்கு போட்டுக்கொண்டன. அவ்வளவுதான்.

மூன்று விவரம் கொடுங்கள் முகில். கிளை மாதிரியை மூடுவதற்கு முன் எடுத்திருந்தால் மால்டியில் (மூலக்கூறு நிறையை அளக்கும் நிறை நிறமாலைமானி) எவ்வளவு? 12,000 மேடு தண்டு போடும் முன்பே மேக்ரோமோனோமர் மாதிரியில் இருந்ததா? சிலைல்ஸ்டைரீன் நீங்களே தயாரித்ததா?

#3 முகில்_பாலி

கிளை 6,100. 12,000 மேடு மேக்ரோமோனோமர் மாதிரியிலேயே இருந்தது, அப்போதும் 3%தான். சிலைல்ஸ்டைரீன் இங்கேயே செய்தது: 4-குளோரோஸ்டைரீனின் கிரினார்டை (மக்னீசியம் சேர்மம்) டிஎச்எஃப்பில் (டெட்ராஹைட்ரோஃபியூரான் கரைப்பான்) வைத்து, அதிக அளவு டைகுளோரோடைமெத்தில்சிலேனில் விட்டு, வெற்றிடத்தில் ஒரு முறை வடித்தது.

#4 லித்தியம்_லதா

அப்படியானால் கணக்கு நேராக வருகிறது. பொறுமையாகப் பாருங்கள்.

முதலில் 12,000. உங்களிடம் சிலிக்கான்–குளோரின் அதிகமாக இருந்தது. எனவே மாதிரி எடுக்கும்போது உயிரோடு எந்தச் சங்கிலியும் இல்லை. மெத்தனாலில் கரைந்திருந்த ஆக்சிஜன் ஜோடி சேர்த்துவிட்டது என்ற வழக்கமான சாக்கு இங்கே செல்லாது. மிச்சம் இரண்டு வழி. ஒன்று, சொட்டு விழுந்த இடத்தில் பாலிஸ்டைரைல்லித்தியம் ஒரு நொடி மிகையாகி, ஏற்கெனவே உருவான மேக்ரோமோனோமரின் இரட்டைப் பிணைப்பில் ஏறியிருக்கலாம். அப்படி ஏறினால் அந்த முனை உயிரோடு இருக்கும், அடுத்த நொடியே சுற்றியுள்ள இன்னொரு சிலைல்ஸ்டைரீனில் முட்டி மூடிக்கொள்ளும். அதாவது இரண்டு கை கொண்ட மேக்ரோமோனோமர். வினைல் இன்னும் இருக்கிறது, தண்டில் ஏறும். இரண்டாவது வழி, உங்கள் சிலைல்ஸ்டைரீனில் டைகுளோரோடைமெத்தில்சிலேன் மிச்சம். அது இரண்டு சங்கிலியை முதுகோடு முதுகு கட்டிவிடும். வினைல் கிடையாது, எங்கும் ஏறாது.

உங்கள் 3% தண்டு போட்ட பிறகும் 3%ஆகவே நிற்கிறது. எனவே இரண்டாவதுதான்.

இனி எண்கள். 7.2 கிராமில் 3% என்றால் 0.216 கிராம்; 12,200ஆல் வகுத்தால் 0.018 மில்லிமோல் ஜோடி. அதற்கு வேண்டியது 0.018 மில்லிமோல் டைகுளோரோடைமெத்தில்சிலேன், வெறும் 2.3 மில்லிகிராம். 248 மில்லிகிராமில் ஒரு சதவீதம்கூட இல்லை. வாயு வண்ணப்படிவில் வால் போலத் தெரிந்திருக்கும், கண்டுகொள்ளாமல் விட்டிருப்பீர்கள்.

கிளை 6,100 வந்ததால் உண்மையில் இருந்த சங்கிலி 7.2 / 6,100 = 1.18 மில்லிமோல். ஜோடிகள் 0.036ஐத் தின்றன. சிலைல்ஸ்டைரீனைத் தேடி வந்தது 1.144. நீங்கள் வைத்திருந்த உண்மையான சிலைல்ஸ்டைரீன் 1.249. மிச்சம் 0.105 மில்லிமோல் சிலிக்கான்–குளோரின், குடுவையில் உட்கார்ந்திருக்கிறது.

அங்கே 0.2 மில்லிமோல் செக்-பியூட்டைல்லித்தியத்தை ஊற்றினீர்கள். 0.105 உடனே காலி. உயிரோடு மிஞ்சியது 0.095. தண்டில் சேர்ந்த பொருள் 12 + 6.12 = 18.12 கிராம். வகுத்தால் 1,90,700.

உங்கள் தண்டு 60,000 அல்ல, 1,26,000. கிளை ஆறு அல்ல, பத்தரை.

5% என்பது கிளைக் கணக்கில் சின்ன விஷயம். ஆனால் தண்டுத் துவக்கி கிளையில் ஆறில் ஒரு பங்குதான், அதனால் அதே 5% தண்டுக்கு 30%. இந்த வேலையில் எல்லாப் பிழையையும் இருப்பதிலேயே சிறிய மோல் எண்ணை வைத்து அளக்க வேண்டும். அது எப்போதும் தண்டின் துவக்கி.

#5 வெற்றிடக்குழாய்

லதா அக்கா கணக்கு அழகு. ஒரு சின்ன மறுப்பு மட்டும். 0.105 மில்லிமோல் தண்ணீர் என்றால் 1.9 மில்லிகிராம். மொத்தம் 190 மி.லி. பென்சீன் வைத்திருந்தால் 166 கிராம். அதில் 11 பிபிஎம் ஈரம் இருந்தாலே இதே சேதம். எண் பொருந்திவிட்டது என்பதால் குற்றவாளி இவன்தான் என்று ஆகிவிடாது.

#6 லித்தியம்_லதா

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே பென்சீனில் கிளை 6,000க்கு 6,100தான் வந்திருக்கிறது. இழப்பு 2%க்குள், 0.02 மில்லிமோல். அதே கரைப்பான் பிறகு மட்டும் 0.1ஐத் தின்னாது. ஐசோப்பிரீன் மேல் சந்தேகம் வைக்கலாம், அதை எப்படிச் சுத்தம் செய்தார் என்று முகில் சொல்லவில்லை.

பிரித்தறிய வழி உண்டு. மேக்ரோமோனோமர் கரைசலில், ஐசோப்பிரீன் விடும் முன், பாலிஸ்டைரைல்லித்தியத்தை இன்னும் கொஞ்சம் சொட்டிப் பார்க்க வேண்டும். சிலிக்கான்–குளோரின் இருந்தால் ஆரஞ்சு விழுந்த இடத்திலேயே மறையும். மறையாமல் நின்றால் அங்கே கொல்கிறவர் யாரும் இல்லை. இழப்பு ஐசோப்பிரீனோடு வந்தது.

#7 பால்மம்

இவ்வளவு கஷ்டம் எதற்கு? மேக்ரோமோனோமரைப் பிரித்தெடுத்து, ஐசோப்பிரீனோடு சேர்த்து, தண்ணீரிலேயே குழம்பாக்கி ராடிக்கல் முறையில் ஓட்டிவிடலாமே. ஈரம், ஆக்சிஜன் பற்றி இந்த அளவு பயம் தேவையில்லை. டென்னசியில் ஜிம்மி மேஸின் ஆய்வுக் குழு ஐசோப்பிரீன்–ஸ்டைரீன் கிளைப் பொருளை அப்படியும் செய்திருக்கிறது.

#8 வெற்றிடக்குழாய்

ரப்பர் மாதிரி இழுபடும் பொருள் கிலோ கணக்கில் வேண்டும் என்றால் அது நல்ல வழி. கிளையின் நீளம் துல்லியமாகவே இருக்கும், ஏனென்றால் அது எதிரயனி முறையில் (லித்தியம் துவக்கி வைத்து) வந்தது. தண்டின் நீளமும், ஒரு தண்டில் எத்தனை கிளை என்பதும் அகலமாகப் பரவும். முகில் எடையையே துல்லியமாகத் தேடுகிறார். அவருக்கு அது ஆகாது.

#9 நிறமாலை

6,000 இடத்தில் நிற்கும் 12% என்ன என்று யாரும் கேட்கவில்லை. வினையாகாத மேக்ரோமோனோமரா, மூடாமலே செத்த பாலிஸ்டைரீனா? ஜிபிசிக்கு இரண்டும் ஒன்றுதான்.

மால்டியில் சுலபமாகப் பிரியும். மேட்ரிக்ஸ் டித்ரனால், அயனியாக்க உப்பு வெள்ளி டிரைஃப்ளூரோஅசிட்டேட். 58 அலகு உள்ள மேக்ரோமோனோமர்: பியூட்டைல் 57.1, ஸ்டைரீன் 58 × 104.15, முனையில் வினைல்பீனைல்டைமெத்தில்சிலைல் 161.3, வெள்ளி 107.9. கூட்டினால் 6,367. ஹைட்ரஜனால் முடிந்த செத்த சங்கிலியின் வரிசை இதற்கு 56 கீழே, 6,311இல் விழும் (அது 59 அலகு உள்ளது). 104 இடைவெளியில் ஓடும் சீப்பின் பற்களுக்கு நடுவே இரண்டாவது சீப்பு தெரிந்தால் மூடல் முழுமையில்லை என்று பொருள். ஆனால் உயரத்தை வைத்துச் சதவீதம் சொல்லாதீர்கள். வெவ்வேறு முனை வெவ்வேறு விதமாக அயனியாகும்.

சதவீதத்துக்கு என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு). வினைலின் இரண்டு ஹைட்ரஜன்கள் 5.2, 5.7 பிபிஎம் அருகே தனியாக நிற்கும். மூன்றாவது அரோமேட்டிக் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும். துவக்கியிலிருந்து வந்த செக்-பியூட்டைலின் இரண்டு மெத்தில், ஆறு ஹைட்ரஜன், 0.6–0.8 பக்கம். 5.7க்கு 1 என்றால் அங்கே 6 வர வேண்டும். 6,000 எடைக்கு இது நன்றாக வேலை செய்யும். 20,000க்கு மேல் போனால் முனைகள் இரைச்சலில் மூழ்கிவிடும், நம்பாதீர்கள்.

பெரிய மேட்டுக்கு ஒரு எச்சரிக்கை. பாலிஸ்டைரீன் நேர்ச்சங்கிலி அளவுகோலை வைத்து வரும் எண்ணைப் பார்க்கவே வேண்டாம். கிளைத்தல் மூலக்கூறைச் சுருக்கும், பாலிஐசோப்பிரீன் பங்கு அதே எடைக்கு அதை விரிக்கும். இரண்டும் எதிர்த்திசையில் இழுப்பதால் தற்செயலாகச் சரியான எண் வந்து ஏமாற்றும். முகில் ஒளிச்சிதறல் எடுத்தது நல்லது. ஒளிவிலகல் மாற்ற மதிப்பை (dn/dc, செறிவோடு ஒளிவிலகல் எண் மாறும் வீதம்) கலவைக்கு ஏற்ப எடை விகிதத்தில் போட்டீர்களா? டிஎச்எஃப்பில் பாலிஸ்டைரீனுக்கு 0.185, பாலிஐசோப்பிரீனுக்கு 0.127 என்று வைத்துக்கொள்ளலாம். சிதறல் இந்த எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. பாலிஸ்டைரீன் மதிப்பையே போட்டுவிட்டால் எடை பெருமளவு குறைந்து காட்டும்.

#10 முகில்_பாலி

கலவை மதிப்பே போட்டேன், 34% பாலிஸ்டைரீன் கணக்கில். 6,000 மேட்டைத் தனியாகப் பிரித்து என்எம்ஆர் பார்த்தேன்: வினைல் கிட்டத்தட்ட முழுதாக இருக்கிறது. அப்படியானால் வினையாகாத மேக்ரோமோனோமர். இரண்டு நாள் விட்டும் ஏன் ஏறவில்லை?

ஐசோப்பிரீன்: கால்சியம் ஹைட்ரைடு, பிறகு என்-பியூட்டைல்லித்தியத்தில் 0 டிகிரியில் அரை மணி, பிறகு வடிப்பு.

#11 லித்தியம்_லதா

ஐசோப்பிரீன் சுத்தம் சரி. அந்த அரை மணியைத் தாண்டாதீர்கள். பனிக்கட்டி கரைந்து வெப்பம் ஏறினால் என்-பியூட்டைல்லித்தியம் மெதுவான துவக்கி என்ற பெயரை மறந்துவிடும். மூடிய குடுவையில் 34 டிகிரியில் கொதிக்கும் மோனோமர், மேலே பல்படியாதல் வெப்பம். குடுவை வெடிக்கும்.

ஏன் ஏறவில்லை என்பதற்கு: வினை ஓடும்போது நிறம் எப்படி மாறியது?

#12 முகில்_பாலி

துவக்கி விட்டதும் ஆரஞ்சு. ஐசோப்பிரீன் விட்டதும் வெளிர்மஞ்சள். மறுநாள் காலை மறுபடி ஆரஞ்சு.

#13 லித்தியம்_லதா

அந்த மறுநாள் ஆரஞ்சுதான் பதில்.

வெளிர்மஞ்சள் என்பது ஐசோப்பிரீனைல் முனை. ஆரஞ்சு ஸ்டைரைல் வகை முனை. பென்சீனில் ஸ்டைரைல் முனை ஐசோப்பிரீனைக் கண்டால் பாய்ந்து பிடிக்கும். ஐசோப்பிரீனைல் முனையோ ஸ்டைரீனைத் தயங்கித்தான் தொடும். தனியாக விட்டால் வேகமாக ஓடுவது ஸ்டைரீன்தான், கலந்து விட்டால் டையீன் முந்துகிறது. உங்கள் குடுவையில் இரவு முழுக்க ஐசோப்பிரீன் சங்கிலி வளர்ந்திருக்கிறது, கிளைகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகவே ஏறியிருக்கின்றன. ஐசோப்பிரீன் தீர்ந்ததும் மிச்சமிருந்த மேக்ரோமோனோமர்கள் கடைசி முனையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறத் தொடங்கின. நிறம் திரும்பிய நேரம் அது.

அதாவது நீங்கள் செய்தது சீப்பு அல்ல, துடைப்பம். நீளமான கைப்பிடி, நுனியில் ஒரு கட்டு. அந்தக் கட்டில் 6,000 எடைக் கிளைகள் நெருக்கியடித்து நிற்கும்போது அடுத்தவர் உயிர்முனையை நெருங்கவே முடியாது. அதனால் வேகம் செத்துப்போகிறது, 12% வெளியே நிற்கிறது. ஐந்து நாள் விட்டிருந்தால் கொஞ்சம் குறைந்திருக்கும், வடிவம் மாறியிருக்காது.

வழிகள்:

கொஞ்சம் டிஎச்எஃப் விடலாம். விகிதங்கள் நெருங்கும், கிளைகள் பரவலாகும். விலை: ஹைட்ரோகார்பனில் 90%க்கு மேல் இருக்கும் 1,4 அமைப்பு (ஐசோப்பிரீன் அலகுகள் எந்தக் கார்பன்கள் வழியாகச் சங்கிலியில் இணைகின்றன என்பது) உடைந்து 3,4 ஏறும், கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையும் மேலே போகும். ரப்பர் குணத்துக்காகச் செய்கிறவர்களுக்கு இது பிடிக்காது. டெட்ராமெத்தில்எத்திலீன்டைஅமீனும் அதே கதை, இன்னும் தீவிரமாக.

பொட்டாசியம் டெர்ட்-பியூட்டாக்சைடு லித்தியத்தோடு ஒப்பிட மிகச் சிறிய பங்கு விடுவது ஸ்டைரீன்–பியூட்டாடையீன் ரப்பரில் பழகிய உத்தி. 1,4ஐ அவ்வளவாகக் கெடுக்காது. ஆனால் 0.2 மில்லிமோல் அளவில் அந்தச் சிறிய பங்கைத் துல்லியமாக உலர்வாகச் சேர்ப்பது தனி வேலை.

எனக்குப் பிடித்தது மூன்றாவது: ஐசோப்பிரீனைப் பட்டினி போட்டு ஊட்டுவது. மொத்தத்தையும் நான்கு ஆம்பூலில் (மூடிய கண்ணாடிக் குப்பி) பிரியுங்கள். ஒன்றை உடைத்து விடுங்கள். வெளிர்மஞ்சள் போய் ஆரஞ்சு திரும்பும்வரை காத்திருங்கள். திரும்பிய பின் அரை மணி கொடுங்கள், இரண்டொரு கிளை ஏறட்டும். பிறகு அடுத்த ஆம்பூல். முழு ஒழுங்கில்லை, கிளைகள் நான்கு இடத்தில் கொத்தாக நிற்கும். ஆனால் 1,4 அமைப்பு அப்படியே இருக்கும், நிறமே கடிகாரம்.

#14 கண்ணாடிக்கொல்லன்

நாலு ஆம்பூலா? சரி. நாலு உடைமுத்திரை (சுத்தியால உடைக்கிற மெல்லிய கண்ணாடித் தடுப்பு), நாலு காந்தச் சுத்தி. சுத்தி ஒவ்வொன்றையும் தனிக் கிளைக்குழாயில் வையுங்க, ஒரே வரிசையில் அடுக்கினா முதல் முத்திரையை உடைக்கும்போது அதிர்வில் ரெண்டாவதும் போகும். உடைமுத்திரை நுனி மெல்லிசா ஊதியிருக்கணும், ஆனா ஐசோப்பிரீன் உறையும்போது தாங்கணும். ஆம்பூலில் முக்கால் பங்குக்கு மேல நிரப்பாதீங்க.

மூடும்போது இடுக்கு நல்லா காய்ஞ்சிருக்கணும். மோனோமர் ஒரு சொட்டு ஒட்டியிருந்தாலும் சுடரில் கருகி, அந்தக் கரி உள்ளே விழும். திரவ நைட்ரஜன்ல உறைய வைச்சிருக்கும்போது குழாயில் காற்று ஒழுகினா திரவ ஆக்சிஜன் சேரும். வெளிர்நீலமா எதையாவது பார்த்தா நைட்ரஜனை எடுக்காம, பம்பை நிறுத்தாம, எல்லாரையும் வெளியே அனுப்புங்க.

வினைக்குடுவையைத் துவக்கிக் கரைசலால கழுவுறதை விடாதீங்க. 10⁻⁶ டார் காட்டுதுன்னு கண்ணாடிச் சுவர் காய்ஞ்சதா அர்த்தமில்லை. என்-பியூட்டைல்லித்தியம் ஹெக்சேன் கரைசல் சுவர் முழுக்க ஓடணும், பிறகு கழுவுப் பகுதிக்கே திருப்பி ஊத்தி, அதிலிருந்தே கரைப்பானைக் குளிர்விச்சு வடிச்சு மூணு நாலு தடவை அலசணும், கடைசியில அந்தப் பகுதியைச் சுடரில் வெட்டி எடுத்துடணும். அலசாம விட்ட லித்தியம் உங்க 0.2 மில்லிமோல்ல ஓசியா வந்து சேரும்.

#15 முகில்_பாலி

கொல்லரே, நன்றி. லதா அக்கா, அப்படியானால் சிலைல்ஸ்டைரீன் அளவை எப்படி வைப்பது? சரியாக 1.18 என்று வைக்க முடியாது. கிளை எத்தனை மோல் என்று தெரிவதே பிறகுதான்.

#16 லித்தியம்_லதா

அதனால்தான் சிலைல்ஸ்டைரீனைக் குறைவாக வைத்து, பாலிஸ்டைரைல்லித்தியத்தை மிச்சம் வைக்க வேண்டும். துல்லியமாக நிறுத்தது எதுவோ அதை எல்லையாக்குங்கள்.

சிலைல்ஸ்டைரீன் மூலக்கூறு எடை 196.75. 216 மில்லிகிராம் எடுத்தால் 1.10 மில்லிமோல். 20 மி.லி. பென்சீனில் வினைக்குடுவைக்குள் இருக்கட்டும். கிளைக் கரைசல் (7.2 கிராம் ஸ்டைரீன், 70 மி.லி. பென்சீன், துவக்கி 1.2 மில்லிமோல்) அளவுக்கோடு போட்ட தனிக்குழாயில். அங்கிருந்து சொட்டு. விழுந்த இடத்தில் ஆரஞ்சு பூத்து உடனே மறையும். முதல் 90%ஐ ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம், கலக்கி வேகமாகச் சுழல வேண்டும். திசை முக்கியம்: எப்போதும் லித்தியம் சிலேனுக்குள். தலைகீழாக விட்டால் உருவாகிற மேக்ரோமோனோமர் எல்லாம் உயிருள்ள சங்கிலிக்கு நடுவே பிறக்கும், இரட்டைப் பிணைப்பு தப்பாது.

கடைசி 10% தான் வேலை. சொட்டுக்குச் சொட்டு பத்துப் பதினைந்து நிமிடம். மறையும் நேரம் நீண்டுகொண்டே போகும். வெள்ளைத்தாளைப் பின்னால் பிடித்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற மங்கல் ஆரஞ்சு அரை மணி நின்றால் நிறுத்துங்கள். அந்த மங்கல் மில்லிமோலில் ஆயிரத்தில் சில பங்குதான், 0.2க்கு முன் தாங்கக்கூடியது. லித்தியம் குளோரைடு நுண்துகளாகப் பிரிந்து கரைசல் லேசாகக் கலங்கும். அதை ஈரம் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம்.

இப்போது மேக்ரோமோனோமர் 1.10 மில்லிமோல் என்று உறுதி. குழாயில் மிஞ்சிய உயிருள்ள கரைசலை மெத்தனாலால் கொன்றால் அதுவே உங்கள் கிளை மாதிரி. அந்த மெத்தனாலில் காற்று இருந்தால் இரண்டு மடங்கு எடையில் தோள் முளைக்கும். மூன்று முறை உறையவைத்து, இறைத்து, உருக்கிய மெத்தனால் எடுங்கள்.

தண்டுக்கு ஆறு கிளை என்றால் துவக்கி 1.10 / 6 = 0.183 மில்லிமோல். 60,000க்கு ஐசோப்பிரீன் 11.0 கிராம், 16.2 மி.லி., நான்கு ஆம்பூலில். துவக்கியைப் புட்டியில் எழுதியிருக்கும் 1.4 மோலார் என்று நம்பி எடுக்கக் கூடாது. டைபீனைல்அசிட்டிக் அமிலத்தில் அன்றே அளந்துவிட்டு, பிறகு 0.05 மோலார் அளவுக்கு நீர்த்து ஆம்பூலில் அடையுங்கள், 0.13 மி.லி.யைப் பிழையில்லாமல் அளக்க முடியாது, 3.7 மி.லி.யை முடியும்.

சிலைல்ஸ்டைரீன் சுத்தம் தனியாகச் சொல்ல வேண்டும். டைகுளோரோடைமெத்தில்சிலேன் 70 டிகிரியில் கொதிப்பது. வடிப்பதற்கு முன் வெற்றிடத்தில் நெடுநேரம் இறைத்தாலே பெரும்பகுதி போய்விடும், பிறகு தலைப்பகுதியைத் தாராளமாகத் தள்ளுங்கள். அடிப்பகுதியையும் தள்ளுங்கள். அங்கே இரண்டு ஸ்டைரீன் ஏறிய சிலேன் இருக்கும், இரண்டு வினைல் உள்ளது. அது அரை சதவீதம் வந்தாலும் தண்டையும் தண்டையும் பிணைத்து உயர் எடைப் பக்கம் வால் இழுக்கும், மோசமானால் கூழாகும்.

#17 மூன்றுகை

தாமதமாக வருகிறேன். ஒரு தண்டில் ஒரே ஒரு கிளை, சரியாக அந்த இடத்தில் வேண்டும் என்றால் ஸ்டைரீன் வினைல் தேவையில்லை, 1,1-டைபீனைல்எத்திலீன் முனை வையுங்கள். அது தன்னோடு தானே பல்படியாகாது. ஒரு உயிர்ச்சங்கிலி ஏறும், நிற்கும். ஏறிய இடத்தில் செர்ரிச் சிவப்பில் ஒரு முனை பிறக்கும். அதிலிருந்து அடுத்த மோனோமரை வளர்த்தால் மூன்று வெவ்வேறு கை உள்ள நட்சத்திரம். டோக்கியோவில் பாலிமர் வேதியியலாளர் ஹிராவோ இந்த டைபீனைல்எத்திலீன் வேதியியலைச் சங்கிலித் தொடராக எங்கெங்கோ கொண்டு போனார்.

சிக்கல்: ஹைட்ரோகார்பனில் ஏறும் வேகம் மந்தம். சில சமயம் நாட்கள். கொஞ்சம் டிஎச்எஃப் விட்டால் ஓடும், ஆனால் அதற்குப் பின் ஐசோப்பிரீன் வளர்த்தால் 3,4 வந்துவிடும். அதனால் டையீன் கையை முதலில் ஹைட்ரோகார்பனில் வளர்த்து முடித்துவிட்டு, ஏற்றும்போது மட்டும் டிஎச்எஃப். மூன்றாவது கை ஸ்டைரீனோ மெத்தக்ரிலேட்டோ என்றால் பாதகமில்லை. மெத்தக்ரிலேட் என்றால் −78 டிகிரி.

#18 முகில்_பாலி

எனக்கு ஆறு வேண்டும் :) ஆனால் முதலில் நேரான பாலிஸ்டைரீன் பிளாக் (ஒரே வகை அலகு தொடர்ந்து வரும் பகுதி), அதன் பின் கிளைத்த பிளாக் என்று போகும் எண்ணம் உண்டு. செக்-பியூட்டைல்லித்தியத்துக்குப் பதில் 15,000 எடைப் பாலிஸ்டைரைல்லித்தியத்தையே துவக்கியாக ஊற்றினால் போதுமா?

#19 லித்தியம்_லதா

போதும், ஆனால் வரிசையில் ஒரு பொறி. அந்தப் பாலிஸ்டைரைல்லித்தியத்தை மேக்ரோமோனோமர் மட்டும் இருக்கும் குடுவையில் ஊற்றினால் ஐசோப்பிரீன் வரும் முன்பே சந்திப்பில் கிளைகள் குவியும். முதல் ஐசோப்பிரீன் ஆம்பூலை முன்பே உடைத்துக் கலந்துவிட்டு, பிறகு துவக்கியை ஊற்றுங்கள். ஸ்டைரைல் முனை டையீனைத்தான் முதலில் பிடிக்கும்.

இரண்டு பக்கமும் பாலிஸ்டைரீன் வேண்டும் என்றால் கடைசியில் ஸ்டைரீன் ஊற்றலாம். டைகுளோரோடைமெத்தில்சிலேனால் இரண்டைக் கட்டுவது காகிதத்தில் அழகு. முனையில் கிளை உட்கார்ந்திருந்தால் பாதியில் நின்றுவிடும். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கடைசியாக ஒரு சிட்டிகை பியூட்டாடையீன் விட்டு முனையை ஒல்லியாக்கிவிட்டுக் கட்டுங்கள்.

#20 முகில்_பாலி

கையில் இருக்கும் 19 கிராமை என்ன செய்யலாம்? கொட்ட மனமில்லை.

#21 நிறமாலை

கொட்டாதீர்கள். 1,26,000 தண்டு, பத்தரைக் கிளை என்ற பெயரில் அதுவும் ஒரு மாதிரிதான், இழுத்துப் பார்க்க ஆகும். சீப்பு என்று எழுதாமல், கிளைகள் நுனியில் குவிந்தவை என்று எழுதிவையுங்கள்.

டொலுயீனில் 1% கரைசல். அறை வெப்பநிலையில் கலக்கிக்கொண்டே மெத்தனாலைச் சொட்டுங்கள். கலங்கல் நிலைத்ததும் நிறுத்தி, தெளியும்வரை லேசாகச் சூடாக்கி, பிரிபுனலில் ஊற்றி இரவு முழுக்கத் தானாக ஆற விடுங்கள். அடியில் தேன் போல இறங்குவது கிளைப் பொருள். 6,000, 12,000 இரண்டும் மேலே நிற்கும். 6,000 சுலபம், ஒரே தடவையில் போய்விடும். 12,000க்கு இரண்டு மூன்று முறை ஆகும். ஒவ்வொரு முறையும் யுவியில் ஜிபிசி பாருங்கள்.

தொடங்கும் முன்பே ஆக்சிஜனேற்றத் தடுப்பான் BHT (பியூட்டைலேட்டட் ஹைட்ராக்சிடொலுயீன்) 0.1% போட்டுவிடுங்கள். அது இல்லாமல் பாலிஐசோப்பிரீனை இரவெல்லாம் கரைசலில் வைத்து, பிறகு சூட்டில் உலர்த்தினால் கரையாத தோல் கட்டும். உலர்த்துவது வெற்றிடத்தில், 40 டிகிரிக்குள்.

#22 முகில்_பாலி

மேலே நிற்கும் மேக்ரோமோனோமரை மீட்டு அடுத்த தடவை பயன்படுத்தலாமா?

#23 வெற்றிடக்குழாய்

ஒரு கிராம் கூடத் தேறாது, மேலே நிற்பதில் ஐந்தில் ஒரு பங்கு வினைலற்ற ஜோடியாகவும் இருக்கும். அதோடு பிரித்தெடுத்த மேக்ரோமோனோமர் ஈரத்தைப் பிடித்துவைக்கும். 7 கிராமில் 100 பிபிஎம் தண்ணீர் என்றால் 0.04 மில்லிமோல், உங்கள் துவக்கியில் ஐந்தில் ஒன்று. பென்சீனில் கரைத்து உறையவைத்து உலர்த்துவதை மூன்று முறை செய்து, நாள்கணக்கில் இறைத்தால்தான் தேறும். டைபியூட்டைல்மக்னீசியம் போட்டு உலர்த்தலாமா என்று கேட்பீர்கள். ஸ்டைரீன் என்றால் அதிலிருந்து வடித்து எடுத்துவிடலாம், மேக்ரோமோனோமர் வடியாது. மக்னீசியம் உள்ளேயே தங்கி உயிர்முனையோடு கூட்டுச் சேர்ந்து வேகத்தைக் குறைக்கும். என்எம்ஆர், மால்டிக்கு ஒப்பீட்டு மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள்.